பெற்றவர்களுக்கான வகுப்பு

செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியிலேயே நின்றாள்.

மாடியிலிருந்து குழந்தைகளின் சத்தம் வந்தது. ஒன்று அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று.

கையில் சுருட்டிய பச்சைப் பாய். வயிற்றில் பிள்ளை இருந்தபோது இதே மாடிக்கு, மாலை நேர யோகா வகுப்புக்கு, இதைத்தான் எடுத்து வருவாள்.

இது காலை வகுப்பு. பிரசவம் ஆன பெண்களுக்கானது.

அவளுக்கும் பிரசவம் ஆகியிருந்தது.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் வலி வர வேண்டியிருந்தது. முக்க வேண்டியிருந்தது. இந்த மாடியில் கற்ற மூச்சையெல்லாம் அன்றைக்குத்தான் விட்டாள்.

பெண். தலை நிறைய முடி.

அழவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பால் சுரந்தது. உடம்புக்கு யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

இப்போது பாலும் வற்றிவிட்டது. இடுப்பு வலி மட்டும் போகவில்லை. தும்மினால் சிறுநீர் கசிந்தது. பயிற்சி செய்தால் சரியாகும் என்றார் டாக்டர்.

"வேற எங்கயாவது பாப்போமே. பிள்ளைங்க இல்லாத இடமா," என்று கணவன் கதிரேசன் சொல்லிப் பார்த்தான். அவள் பாயைத் தேடி எடுத்தாள். அவன் வண்டியை எடுத்தான்.

இப்போது தெருவில், வேப்பமரத்தடியில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். எப்படியும் உடனே இறங்கி வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான்.

வசுமதி டீச்சர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பூரணியா? ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"டீச்சர், நான் இந்த வகுப்புக்கு வரலாமா? எங்கிட்டதான்..."

டீச்சர் இறங்கி வந்து பாயை வாங்கிக்கொண்டார்.

"இது பெத்தவங்களுக்கான வகுப்பு. நீங்களும் பெத்தவங்கதானே? வாங்க."

சுவரோரம் பாய்கள். ஒவ்வொரு பாயின் பக்கத்திலும் ஒரு சின்ன விரிப்பு, அதில் கையும் காலும் ஆட்டிக்கொண்டு ஒரு குழந்தை. பூரணியின் பாய்க்குப் பக்கத்தில் வெறும் தரை.

தொடங்கும் முன் எல்லோரும் தங்கள் பெயரையும் குழந்தையின் பெயரையும் சொன்னார்கள். அவள் முறை வந்ததும் டீச்சர் சட்டென்று, "சரி, எல்லாரும் படுத்துக்கலாம்," என்றார்.

"நான் பூரணி," என்றாள். "பாப்பா பேரு நித்திலா."

குரல் தனக்கே புதிதாக இருந்தது.

மாலை வகுப்பில் டீச்சர் சொல்வார், மூச்சை விடும்போது குழந்தையோடு ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. அவள் இந்தப் பெயரைத்தான் சொல்வாள். உதடு அசையாமல். பிறந்த பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். பிறந்த பிறகு யாரும் கேட்கவில்லை.

"வீட்ல விட்டுட்டு வந்தீங்களா?" பக்கத்துப் பாயிலிருந்த ஃபௌசியா கேட்டாள்.

"இல்ல. எட்டாம் மாசத்துலயே போயிட்டா."

அறையில் பெரியவர்கள் யாரும் அசையவில்லை. குழந்தைகள் மட்டும் தங்கள் பாட்டுக்குக் காலை உதைத்துக்கொண்டிருந்தன.

ஃபௌசியா அவள் முழங்கையைத் தொட்டாள்.

"நித்திலா. நல்ல பேருங்க. யாரு வச்சது?"

யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி.

"நான்தான்," என்றாள்.

படுத்தார்கள். முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்க வேண்டும். முன்பெல்லாம் எளிதாக வரும். இன்று தொடை நடுங்கியது. மூச்சை இழுத்தாள். தூக்கினாள்.

ஒரு விரல் உயரம் எழும்பியது.

"அது போதும்," என்றார் டீச்சர். "இன்னைக்கு அது போதும்."

கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்காமல் இன்னொரு முறை தூக்கினாள்.

வகுப்பு முடிந்து எல்லோருக்கும் கடைசியாக இறங்கி வந்தாள். கதிரேசன் அதே இடத்தில் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பினான்.

தென்னூர் பாலம் ஏறும்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"பாப்பாவுக்கு நித்திலான்னு பேரு வச்சிருந்தேன்."

"என்னது?"

ஹெல்மெட். சத்தமாக மறுபடியும் சொன்னாள்.

வண்டி வேகம் குறைந்து ஓரமாக நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே போனார். கதிரேசன் திரும்பவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான்.

"நானும் ஒண்ணு வச்சிருந்தேன்," என்றான்.

"என்ன பேரு?"

"காந்திமதி."

"காந்திமதியா?"

"எங்க ஊரு அம்மன் பேருல்லா."

"அய்யோ. இந்தக் காலத்துல யாருங்க அப்படி வைப்பாங்க? ஸ்கூல்ல எல்லாரும் காந்தி தாத்தான்னு கூப்பிடுவாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன் தோளில் இருந்த கையை எடுக்கப் போனாள்.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கூப்பிடட்டும்," என்றான். "உம் மக சும்மா விட்டுருவாளாக்கும்?"