கதவோரத்து நாற்காலி

"கோட்டை அங்கேயே மாட்டிடுங்க ஐயா. சோபா வெள்ளைத் துணி, கறை பட்டா போகாது. நீங்க இந்த நாற்காலியிலயே சௌகரியமா உட்காருங்க."

கதவை ஒட்டிக் கிடந்த மர நாற்காலியைக் காட்டினாள் ரவுஷான். கீழே ஒன்பதாம் எண் வீட்டுக்குப் போன வாரம் குடிவந்த ஓராஸ் கிழவர், மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்.

மருமகள் அகெர்கேக்கு முகம் சுண்டிப்போயிற்று. "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வாசல்லயா உட்கார வைப்பாங்க? மேல் இடம் கொடுக்கணும் அத்தை," என்று காதைக் கடித்தாள்.

"சும்மா இரு. காலமெல்லாம் கராகண்டா நிலக்கரிச் சுரங்கத்துல கிடந்த மனுஷன். கோட்டைப் பார்த்தியா?"

புதிதாகக் குடிவந்தவருக்குப் பழைய குடித்தனக்காரர் ஒருவேளைச் சாப்பாடு போடுவது கசாக் வழக்கம். ஆனால் ரவுஷானுக்கு வழக்கமா முக்கியம்? கிழவரின் கையெழுத்து வேண்டும். அல்மாட்டி நகரின் தங்கச் சதுக்கம் என்ற இந்தப் பழைய பேட்டையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'இந்த வீட்டில் இன்னார் வாழ்ந்தார்' என்று ஒரு பளிங்குப் பலகை. இவர்கள் கட்டடம் மட்டும் மொட்டைச் சுவர். அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவளுக்கு மானம் போயிற்று. பேராசிரியராக இருந்து மறைந்த அப்பாவின் பெயரில் பலகை வைக்க எல்லா வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். பதினேழு வீட்டில் பதினாறு கையெழுத்து வந்துவிட்டது.

"இந்தப் பேட்டை லேசுப்பட்டதில்ல ஐயா. சோவியத் காலத்துல இந்த முற்றத்துல நின்னா நாலு பக்கமும் பியானோ சத்தம்தான். பாடகி, விஞ்ஞானி, மந்திரினு பெரிய பெரிய ஆளுங்க. இப்ப பாருங்க, சந்தையில ஜீன்ஸ் வித்தவனெல்லாம் வீடு வாங்கிட்டு வந்துடறான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிழவருக்கு வீடு வாங்கிக் கொடுத்ததே சந்தையில் கடை வைத்திருக்கும் அவர் மகன்தான்.

"என் மகன் ஜீன்ஸ் விக்கலம்மா, பூட்ஸ்," என்று சிரித்தார் கிழவர். "நீங்க எப்பலேர்ந்து இங்க?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டுலேர்ந்து! எங்களைவிடப் பழைய குடி இந்தக் கட்டடத்துலயே கிடையாது. அப்பாவுக்கு அப்ப இருபத்தாறே வயசு. ஆராய்ச்சி நிறுவனத்துல எடுபிடி உத்தியோகம். அவருக்குப் போய் அரசாங்கம் நாலு அறை வீட்டைத் தூக்கிக் கொடுத்துச்சு. மேசை, கட்டில், அலமாரி நிறையப் புத்தகத்தோட!"

"புத்தகத்தோடவா?"

"ஆமா. எல்லாம் அந்த ஒரு கட்டுரை செஞ்ச வேலை."

சோபாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு தொங்கியது.

"அப்பா போனப்புறம் அவர் மேசையில கிடைச்சுது. கீழ இருக்கற அவர் பேரு மட்டும்தான் எனக்குப் புரியுது. அந்தக் காலத்து லத்தீன் எழுத்து. வெட்கக்கேட்டை ஏன் கேட்கறீங்க, ருஷ்யன் பள்ளிக்கூடத்துல படிச்சு எனக்கு நம்ம மொழியே தடுமாறும்."

"நான் முதல் வகுப்பு அந்த எழுத்துலதாம்மா படிச்சேன்."

"அப்படியா! சத்தமா வாசிங்களேன். மருமகளும் கேட்கட்டும்!"

கிழவர் எழுந்து போய்ச் சட்டத்தின் முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அகெர்கே ஊற்றிய டீ ஆடை கட்டிவிட்டது.

"கண்ணாடி கொண்டு வரலம்மா," என்றார் கடைசியில். பிறகு, "உங்கப்பா எங்க உட்காருவார்?" என்று கேட்டார்.

"அவர் அடக்கத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க. அம்பது வருஷம் சொந்த வீட்டுல மேல் இடத்துல உட்கார்ந்ததே இல்ல. நீங்க உட்கார்ந்தீங்களே, அதே கதவோர நாற்காலிதான். டீயும் சோறும் அங்கேயேதான். அம்மா தலைதலையா அடிச்சுக்குவாங்க, அசைய மாட்டார்."

கிழவர் அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தானாகவே படிவத்தை வாங்கி, பெயர், வீட்டு எண், குடியிருக்கும் ஆண்டு எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். விருந்துக்கு வைத்த குதிரைக் கறியை அவர் தொடவே இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"முன்னாடி இருந்தவங்கதானே பின்னாடி வந்தவங்களுக்கு விருந்து போடணும்? நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க தங்கச்சி."

கதவு சாத்தியதும் ரவுஷான் விழுந்து விழுந்து சிரித்தாள். "வயசாயிடுச்சு, பாவம். வழக்கத்தையே தலைகீழாச் சொல்றார் பாரு!"

படிவத்தை எடுத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! பேரு ஓராஸ் சர்ஜானோவ், சம்மதம்னு போட்டிருக்கார், அது சரி. வீட்டு எண் பன்னிரண்டாம்! அது நம்ம வீடு. ஆண்டு முப்பத்தஞ்சுலேர்ந்து முப்பத்தேழு வரைக்குமாம்! கண்ணாடி இல்லாம எழுதினா இப்படித்தான். நாளைக்குத் திரும்ப எழுதி வாங்கணும்."

கிழவர் அப்படி எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அகெர்கேக்கு உறுத்தியிருக்க வேண்டும். சோபாவில் முழங்காலிட்டு அந்தப் பழைய வரிகளை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை... 'மக்கள் விரோதி சர்ஜானோவை... நம் நிறுவனத்தில்... இன்னும் எத்தனை நாள் விட்டு வைப்போம்?'னு போட்டிருக்கு. ஸ்டாலின் காலத்துல இப்படிப் பேர் வந்தவங்களை ராத்திரியோட ராத்திரியா பிடிச்சுட்டுப் போயிடுவாங்களாமே."

ரவுஷான் உட்கார இடம் தேடினாள். வெள்ளை சோபாப் பக்கம் போகக் கால் வரவில்லை. கதவோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், அப்பாவைப் போலவே.