பூசணிப்பூவோடு போனவர்

விடிந்தும் விடியாததுமாக ஞானதுரை, துண்டு நிறையப் பூசணிப்பூவோடு, பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் மொட்டைமாடிக்குச் சுவரேறிக் குதித்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் குதித்த வேகத்தில் ஊரோரத்துச் சஞ்சீவி மலையே ஓர் அடி பின்வாங்கியது.

எதிர்வீட்டு இசக்கியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்தால் ராஜபாளையமே பார்த்த மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சேதி முதல் பஸ்ஸில் போய்விடும்.

"போறப்ப பூவோட போறாவ, வாரப்ப வாயைத் தொடச்சுக்கிட்டு வாராவ. ஈஸ்வரியோ தனியா இருக்கா. எனக்கெதுக்குக்கா வம்பு?" என்று ஞானதுரையின் மனைவி பரிபூரணத்திடம் முழு வம்பையும் இறக்கி வைத்தாள்.

பரிபூரணம் அழவில்லை. கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவது என்று பையில் துணிகளை அடுக்கினாள். முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போவோம் என்று மாடி ஏறினாள். ஞானதுரை சுவரின் மேல் ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாகத் திரும்பிக் கொண்டிருந்தார்.

"நெஞ்சுவலின்னு கெடந்த மனுசனுக்கு எண்ணெயைக் கண்ணுல காட்டாம அவிச்சு அவிச்சுப் போட்டு உசுரைக் காப்பாத்தினேனே, அதுக்கு இதுதானா?"

"ஏட்டி, மெதுவாப் பேசு! நம்ம கொடியில பூரா ஆண் பூ. ஈஸ்வரி கொடியில பூரா பொண் பூ. ரெண்டையும் சேத்து வச்சாத்தான் காய் பிடிக்கும். இம்புட்டு உசரத்துக்குத் தேனீ வருமா? அதான் நான் போறேன்."

"வாயை எதுக்குத் தொடைக்கீய?"

"மகரந்தத்தை ஊதி விடணும்லா? மூஞ்சியெல்லாம் ஒட்டிக்கிடுது."

பரிபூரணத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேனீக்கள் கைவிட்ட வேலையைத் தன் புருஷன் ஒற்றை ஆளாகச் செய்கிறார்! பையிலிருந்த துணிகள் பீரோவுக்குத் திரும்பின.

"சுவரேறி விழுந்து கிழுந்து வைக்காதீய. இனிமே பூவை நானே கொண்டுபோறேன்" என்றாள்.

"ஒனக்கெதுக்குட்டி செரமம்?" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முந்தானை நிறையப் பூவோடு, தெருவழியே மரியாதையாக நடந்துபோய் ஈஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த ஈஸ்வரி பூவைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பஜ்ஜி போடக் கடலைமாவு தீந்துபோச்சுன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க மதினி!"