மோசமான நாளுக்கு மட்டும்

டாக்டரம்மாவின் அறையில் மின்விசிறி கடகடக்கிறது. மகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை, வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். பக்கத்து நாற்காலியில் அப்பா. முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்து மிதித்து விடுகிறது. “வீட்டுல சிரிச்சுப் பேசிட்டுதான் இருக்கார் டாக்டர். மனச்சோர்வெல்லாம் போயே போச்சு” என்கிறான் மகன், ‘எப்படி இருக்கீங்க?’ என்ற கேள்வி அப்பாவிடம் கேட்கப்பட்டது என்பதையே மறந்து. டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. “போன மாசம் முப்பது நாளைக்குக் கொடுத்த மாத்திரை, தினம் ஒண்ணு போட்டீங்களா ஐயா?” அப்பா தொண்டையைச் செருமுகிறார். “தினம்னு கணக்கு வெச்சுக்கலைம்மா. மனசு ரொம்ப பாரமா இருந்த அன்னைக்கு மட்டும் போட்டுக்கிட்டேன்.” மகனுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. “அது என்ன தலைவலி மாத்திரையாப்பா, வலிச்சா போட்டுக்க? நாள் தவறாம போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!” “அட்டையைக் காட்டுங்க ஐயா” என்று டாக்டரம்மா கை நீட்டுகிறார். அப்பா சட்டைப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஜன்னல் வெயிலில் வெள்ளித்தாள் பளபளக்கிறது. மகன் குனிந்து பார்க்கிறான். முப்பது குழி, ஒன்றில்கூட மாத்திரை இல்லை. அவன் விரலில் சாவி நின்றுபோகிறது. அப்பாவின் கால் மட்டும் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கிறது.