கூரை ஓரத்துப் பலகைகள்

“இந்த வீட்டுல உங்கப்பா ஒரு ஆணியாவது அடிச்சிருக்காராடி?”

பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே அம்மா கேட்டாள்.

அன்று காலைதான் கூரை ஓரத்துப் பலகை ஒன்று இற்று, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. அப்பாவோ, பலகையே சும்மா இருக்கிறது, உனக்கென்ன என்பார்.

மாமா வீடு இரண்டு தெரு தள்ளி. போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். ஆள் வைத்துச் செய்தால் வரமாட்டாள். அவர் கையால் மாற்றட்டும், அன்றைக்கே வந்துவிடுவாள்.

மூன்று நாள் பிடித்தது.

முதல் நாள் பழையதைப் பெயர்த்தோம். கம்பியை நுழைத்து நெம்பினால் ஆணி வரவில்லை. மரம்தான் ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. முகப்புப் பலகை போனதும், அதற்கு அடியில் படுக்கையாக அடித்திருந்த பலகைகள் தாமாகவே தொங்கின. கண்ணில், காதில், பல்லிடுக்கில் எல்லாம் மரத்தூள்.

இரண்டாம் நாள் அளந்து, அறுத்து, வர்ணம் பூசினோம்.

மூன்றாம் நாள்தான் உயிர் போனது. தலைக்கு மேலே பலகையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் ஆணி அடிக்க வேண்டும். இறங்கிய பிறகும் கழுத்தைக் குனிய முடியவில்லை. மனைவி இல்லாத வீட்டில் இத்தனை சத்தமா என்று பக்கத்து வீட்டுத் தையற்காரர் கேட்டுவிட்டுப் போனார். அப்பா சிரித்துவைத்தார்.

சேதி போய், அன்று சாயங்காலமே அம்மா பெட்டியோடு வந்தாள்.

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடியே வீட்டைச் சுற்றினாள். அப்பா கூடவே நடந்தார். தோள் வலிக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் என்றார். நாலு மாதமாக இறுகிக் கிடந்த அம்மாவின் முகம் இளகியதை அப்போதுதான் பார்த்தேன்.

பின்பக்க மூலையில் நின்றுவிட்டாள்.

அங்கே வர்ணம் போதவில்லை. கடைசிப் பலகை வெறும் மரமாகவே இருந்தது. மழைக்கு முன்னால் முடிக்கிற அவசரத்தில், அளவு எழுதிய பக்கம் கீழே பார்த்தபடி ஏறிவிட்டது.

பென்சிலில், என் குண்டு குண்டு எழுத்தில்: ‘மூலைப் பலகை. நாலடி இரண்டங்குலம். என் கை எட்டாது, ஏணியின் மேல்படியில் நின்று அடிக்கணும்.’

எதையும் எழுதிவைக்காமல் எனக்கு வேலை ஓடாது.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஏதாவது சொல்லட்டும் என்றுதான் நின்றாள்.

அப்பா தரையைப் பார்த்தார்.

அவருக்குச் சொல்லக் காரணம் இருந்தது. முதல் நாள் காலை அவர்தான் ஏணியில் ஏறினார். மூன்றாவது படியில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கால் நடுங்கிய நடுக்கத்தில் ஏணி சுவரில் தடதடவென்று அடித்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்கினேன். சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் இப்படித்தானாம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார்.

“அம்மாகிட்ட சொல்லிராத பாப்பா. சோம்பேறின்னே இருந்துட்டுப் போறேன்.”

நான் வாயைத் திறந்தேன். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அம்மா வாசலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். தெருவில் இறங்கி நடந்தாள்.