தத்துப்போன விரால்

ஏரியில் இருந்த ஒவ்வொரு மீனையும் யாரோ ஒருவர் தத்தெடுத்திருந்தார். ஒன்று தூண்டிலில் மாட்டினால் பிடித்தவனுக்குப் போன் வரும், வளர்ப்பவர்கள் கெஞ்சுவார்கள். விடுவதும் விடாததும் பிடித்தவன் இஷ்டம்.

காலையிலிருந்து கெஞ்சல் தாங்காமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டான் படகுக்கார ராசப்பன். கரையில் கூடாரம் போட்டு, சமைக்க மீன் கேட்டிருந்த சுற்றுலாக்காரர்கள், மீன் வரவில்லையென்றால் வேறு படகு பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு விரால் மாட்டியது. போனும் அடித்தது.

"யார் அழுதாலும் இதை விட மாட்டேன்" என்றான் ராசப்பன்.

"மாமா, அவன விட்டுருங்க."

அவன் மனைவி செண்பகத்தின் குரல்.

"ஏய், இது ஒம்மீனா?"

"ரெண்டு வருசமா. நமக்குந்தான் புள்ள இல்லையே... நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல."

விரால் கையில் துள்ளியது. கரையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"பேரு என்ன வச்ச?" என்று கேட்டான் ராசப்பன்.