எகிப்தில் ஓர் எழுத்தர்

மூன்று கொலைகளையும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு கிளெமென்ட் ஹார்பாட்டில் கை கழுவினான். கறை முழுதாகப் போகவில்லை. அப்படியே குதிரை பஸ் ஏறி, பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் புறப்பட்டான்.

கறை, மைக்கறைதான். செத்தவர்கள் ஒரு பிரபு, அவருடைய தம்பி, கோட்டைச் சுரங்கத்தில் வழி தவறிய ஒரு பாதிரியார். வாரப் பத்திரிகையில் அவன் எழுதும் திகில் தொடரை லண்டனே படித்தது. திருமதி ட்ரஸ்காட் மட்டும் அதில் அடுப்பு பற்றவைத்தாள்.

அவளுடைய மகள் வினியைத்தான் கிளெமென்ட் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். திருமதி ட்ரஸ்காட் ஓர் ஆன்மிகச் சங்கத்தின் தலைவி. மாப்பிள்ளையிடம் சொத்து, குலம் எதையும் கேட்கமாட்டாள். போன பிறவியில் என்னவாக இருந்தாய் என்று மட்டும் கேட்பாள்.

வாசலிலேயே வினி அவனை மடக்கினாள்.

"போன மாசம் ஒரு பேங்க் குமாஸ்தா வந்தார். கண்ணை மூடினதும், ஆமையா இருந்தேன்னு உளறிட்டார். டீகூடக் குடுக்காம அனுப்பிட்டாங்க."

"நான் என்ன சொல்லணும்?"

"எகிப்துல எழுத்தரா இருந்தேன்னு சொல்லு. அது போதும். அதுக்கு மேல ஒரு படி ஏறாதே. உன் தொடர்கதை மாதிரி அளந்துடாதே, கிளெம்."

"நானா அளப்பேன்?"

"அப்புறம், அம்மா கறுப்பு உடுத்துறது எங்கப்பாவுக்காகன்னு நினைச்சு அனுதாபம் சொல்லித் தொலைக்காதே. அது போன பிறவித் துக்கம்."

மேற்கொண்டு கேட்பதற்குள் உள்ளே மணி அடித்தது.

பட்டப்பகலில் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகையில் வெள்ளரிக்காய் சாண்ட்விச் தட்டு மங்கலாகத் தெரிந்தது. சங்கத்தார் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வந்தவன் பித்தளைக் கிண்ணத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மறுபடி மணி அடிக்கும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் முற்பிறவி கலைந்துவிடும், கல்யாணமும்தான்.

"என்ன தெரியுது, மிஸ்டர் ஹார்பாட்டில்?" என்றாள் திருமதி ட்ரஸ்காட்.

"மணல். பெரிய ஆறு. கையில நாணல் பேனா. நான் எகிப்துல ஒரு எழுத்தர்."

"எகிப்துலயா?" என்றது ஒரு கரகரத்த குரல். கர்னல் விப்பிள். "நான் அங்க தலைமைப் பூசாரியா இருந்தவன், தம்பி. எழுத்தருங்க அத்தனை பேரும் என் கைக்குள்ள. உன்னை நான் பார்த்ததே இல்லையே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிளெமென்டுக்குக் கழுத்துப்பட்டை நனைந்தது. ஆமை ஞாபகம் வந்தது.

மாட்டிக்கொண்ட கதாநாயகனைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆளை உயர்த்திவிடுவான். இருபது வாரமாக அப்படித்தான் தொடர் ஓடுகிறது.

"எப்படிப் பார்த்திருப்பீங்க? பூசாரிங்க என் முன்னால தரையைப் பார்த்துத்தானே நிப்பாங்க? எழுத்தர்ங்கிறது ஊர் நிலவரம் தெரிஞ்சுக்க நான் போட்ட வேஷம்." குரலைத் தாழ்த்தினான். "நான்தான் அரசன்."

நாற்காலி கிறீச்சிட்டது. "மன்னிக்கணும் மகாராஜா," என்றார் கர்னல். "கோயில்ல வெளிச்சம் கம்மி."

வினி பலமாக இருமினாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. தம்பி விஷம் வைத்தான். மூச்சு இருக்கும்போதே கல்லறைக்குத் தூக்கினார்கள். வௌவால்கள் வந்தன. காலையில் பாதிரியாருக்குப் பயன்பட்ட அதே வௌவால்கள்தான்.

"பாபிலோன் பக்கம் வந்திருக்கீங்களா, மகாராஜா?" என்று கேட்டாள் மிஸ் கேட். அவள் அங்கே நடனக்காரியாக இருந்தவள்.

"வரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கொன்னுட்டாங்க."

திருமதி ட்ரஸ்காட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?" என்றாள்.

கொண்டை அவிழும் அளவுக்கு வினி தலையை ஆட்டினாள். கண் மூடியவனுக்கு என்ன தெரியும்? மாமியார் தன் ஒழுக்கத்தைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"ஆகியிருந்தது. ஒரே ராணி. வேற பொண்ணை ஏறெடுத்தும் பார்த்ததில்லை."

"அவளை மறந்துட்டீங்களா?"

"மறக்கிறதா? கல்லறையை மூடும்போது அவ கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணேன். எத்தனை பிறவி ஆனாலும் உன் வீட்டைத் தேடி வருவேன்னு!"

மணி அடித்தது.

கண்ணைத் திறந்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கர்னல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமதி ட்ரஸ்காட் கன்னத்தில் கண்ணீர் வழியச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று கிளெமென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் நாற்காலியை இழுத்து அவனை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். அவன் கழுத்துப்பட்டையை உரிமையோடு நேராக்கினாள். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த மகளிடம் திரும்பினாள்.

"வினி, அப்பாவுக்கு டீ ஊத்தும்மா."