சிரட்டைக்குக் காவல்

ஓடைக்கரைக் காட்டில் கீரியும் அணிலும் மைனாவும் ஒரு விளையாட்டு ஆடிவந்தன. ஒருவர் தேங்காய்ச் சிரட்டையில் சின்னச் சின்னப் பொருள்களைப் போட்டு ஒளித்துவைப்பார். கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்துவிட்டுப் போவார். யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

ஒருநாள் பாறையிடுக்கில் கீரி வைத்த சிரட்டையை யாரோ திருடிவிட்டார்கள். அதிலிருந்த நீலப் பாசிமணியும் போயிற்று.

"இனிமே காவல் இல்லாம ஆட்டம் கிடையாது!" என்று கீரி கொதித்தது.

புதுச் சிரட்டை ஒன்றை வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. முதல்முறையாக ஆட வந்த முயலை, "நேத்து எங்க இருந்த? காலைக் காட்டு, தடம் பாக்கணும்" என்று மிரட்டியது. முயல் ஓடியே போய்விட்டது. மைனாவுக்கும் அதே விசாரணைதான்.

"போங்கண்ணே, ஒளிச்சு வச்சதுமேல நீங்களே உக்காந்திருந்தா நாங்க என்னத்தைத் தேடுறது?" என்று மைனாவும் பறந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அணில் வந்தது.

"பாத்தியா, ஒரு பொருள்கூடத் திருட்டுப் போகலை" என்றது கீரி பெருமையாக.

"ஆமாண்ணே. ஓடைக்கு அந்தப் பக்கம் நாங்க வேற சிரட்டை வச்சிருக்கோம். முயலும் ஆட வருது."

"காவல் யாரு?"

"யாரும் இல்ல."

"திருடிட்டா?"

"அன்னைக்கு வருத்தப்படுவோம். மறுநாள் இன்னொண்ணு வைப்போம்."

கீரி முறைத்தது. பிறகு, உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்தது.

"எந்த இடத்துல வச்சிருக்கோம்னா..." என்று அணில் ஆரம்பித்தது.

"சொல்லாதே!" என்று கத்திக்கொண்டே கீரி ஓடைக்குள் பாய்ந்தது.